ரேடியோசர்ஜரிக்குப் பின் மூளைக் கட்டி பெரிதாகத் தெரிகிறது: வளர்வது நோயா, நோயெதிர்ப்பா?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. நுரையீரலில் அடினோகார்சினோமா வகைப் புற்றுநோய். மூளையிலும் மூன்று கட்டிகள். ஐந்து மாதங்களுக்கு முன் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி (நோயெதிர்ப்பைத் தூண்டும்) மருந்தைத் தொடங்கினார்கள். சில வாரங்களில் மூன்று கட்டிகளுக்கும் ஒரே நாளில் ரேடியோசர்ஜரி நடந்தது. இரண்டாம் மாத எம்.ஆர்.ஐ.யில் மூன்றும் சற்றுச் சுருங்கியிருந்தன. நான்காம் மாதம் எடுத்ததில் சிறிய கட்டிகள் இரண்டும் கிட்டத்தட்ட மறைந்துவிட்டன. ஆனால் இடப்பக்கத்துப் பெரிய கட்டி, முதலில் 22 மில்லிமீட்டராக இருந்தது, இப்போது 29 ஆகி, சுற்றிலும் வீக்கம் தெரிகிறது. அம்மாவின் வலது கைப்பிடி தளர்ந்திருக்கிறது. சிகிச்சை தோற்றுவிட்டது, மருந்தை நிறுத்திவிட்டு மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுக்கலாம் என்கிறார் ஒரு டாக்டர். இது நோயெதிர்ப்புச் செல்கள் குவிந்த வீக்கமாக இருக்கலாம், பொறுங்கள் என்கிறார் இன்னொருவர். மூன்று வாரமாக டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு தினம் 8 மி.கி. சாப்பிடுகிறார். ஸ்டீராய்டு இம்யூனோதெரபியைக் கெடுத்துவிடும், உடனே நிறுத்து என்கிறார்கள் உறவினர்கள். ஓரிடத்தில் கதிர்வீச்சு பட்டால் உடம்பிலுள்ள மற்ற கட்டிகளும் கரையும் என்றும் எங்கோ படித்தேன். எதை நம்புவது?

பதில்: உங்கள் கேள்விகளில் ஒன்று காத்திருக்க முடியாதது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். டெக்ஸாமெதசோனை நீங்களாக நிறுத்த வேண்டாம். நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம். அம்மாவின் கைத்தளர்ச்சியில் பெரும்பங்கு கட்டியைச் சுற்றிக் கட்டியிருக்கும் நீரினால் வருவதாக இருக்கலாம். மாத்திரையைச் சட்டென்று விட்டால் அந்த வீக்கம் சில நாட்களில் மறுபடி ஏறும். அது மட்டுமல்ல, வெளியிலிருந்து மூன்று வாரம் ஸ்டீராய்டு வந்துகொண்டிருக்கும்போது அட்ரினல் சுரப்பி தன் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென நிறுத்தினால் எழ முடியாத சோர்வு, வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குதல் என்று உயிருக்கே ஆபத்து வரலாம். உறவினர்களின் கவலையில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை எப்படித் தீர்ப்பது என்பதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

அடுத்தது, இரண்டு டாக்டர்களின் கருத்து. இருவர் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். ஆனால் நீங்கள் விவரித்த அந்த ஒரு ஸ்கேனை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டில் ஒன்றை உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. எம்.ஆர்.ஐ.யில் கட்டி வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம், ஊசியில் ஏற்றும் கடோலினியம் ரத்தக் குழாயிலிருந்து கசிந்து வெளியே வருவதுதான். நல்ல மூளைத் திசுவில் ரத்த-மூளைத் தடுப்பு அதைக் கசிய விடாது. புற்றுச் செல்கள் அந்தத் தடுப்பைக் கெடுக்கின்றன. கதிர்வீச்சும் கெடுக்கிறது. உள்ளே பாய்ந்து வரும் நோயெதிர்ப்புச் செல்களும் கெடுக்கின்றன. ஆக, படத்தில் 29 மில்லிமீட்டர் என்று அளப்பது கசிவின் அகலத்தை. அதற்குள் உயிருள்ள புற்றுச் செல் எவ்வளவு என்பதை அந்தப் படம் சொல்வதில்லை.

கட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அடுத்து எடுக்க வேண்டிய முடிவுகள் தெளிவாகும். ரேடியோசர்ஜரியில் பல திசைகளிலிருந்து வரும் மெல்லிய கதிர்கள் கட்டியில் மட்டும் சந்திக்கின்றன. அங்கே மிக உயர்ந்த அளவு சேர்கிறது. சில மில்லிமீட்டர் தள்ளிப்போனால் அளவு சரிந்துவிடுகிறது. அந்தக் கதிர் புற்றுச் செல்லின் டி.என்.ஏ. இழைகள் இரண்டையும் அறுக்கிறது. அறுபட்ட செல்களில் பல உடனே சாவதில்லை. அடுத்தடுத்துப் பிரிய முயலும்போதுதான் சாகின்றன. அப்போது டி.என்.ஏ. துணுக்குகள் உட்கருவுக்கு வெளியே சிதறுகின்றன. உட்கருவுக்கு வெளியே டி.என்.ஏ. கிடந்தால், வைரஸ் புகுந்துவிட்டது என்றே செல் எடுத்துக்கொள்ளும். சி-காஸ் என்ற புரதம் அந்தத் துணுக்கைப் பற்றிக்கொண்டு ஸ்டிங் என்ற புரதத்தைத் தூண்ட, இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் சுரக்கிறது. சாகும் செல் கால்ரெட்டிகுலின் என்ற புரதத்தைத் தன் மேற்பரப்பில் காட்டுகிறது, எச்.எம்.ஜி.பி.1 என்ற புரதத்தை வெளியே விடுகிறது. இவையெல்லாம் டென்ட்ரிடிக் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களை வரவழைக்கும் சமிக்ஞைகள். அந்தச் செல்கள் புற்றின் புரதத் துண்டுகளை எடுத்துக்கொண்டு நிணநீர்க்கணுவுக்குப் போய், புற்றைத் தாக்கும் டி-செல்களுக்கு அடையாளம் காட்டுகின்றன.

மூளை நோயெதிர்ப்புக்கு எட்டாத இடம் என்ற பழைய எண்ணம் இன்று செல்லாது. மூளையுறையில் நிணநீர்க் குழாய்கள் ஓடுவதை 2015இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் எலிகளில் தனித்தனியே காட்டின. மூளையின் கழிவும் புரதங்களும் கழுத்தின் ஆழத்திலுள்ள கணுக்களுக்கு வடிகின்றன. அங்கே பழக்கப்பட்ட டி-செல் ரத்தத்தோடு திரும்பி மூளைக் கட்டிக்குள் நுழைகிறது. அம்மாவின் சிகிச்சையில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. லிம்போசைட்டுகள் (டி-செல் உள்ளிட்ட வெள்ளணுக்கள்) கதிர்வீச்சுக்கு மிக எளிதில் பலியாகும் செல்கள்; 2 கிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு) அளவிலேயே பெரும்பகுதி செத்துவிடும். குவித்துக் கொடுக்கும் சிகிச்சையில் கதிர்படும் இடம் சிறியது, நாளும் குறைவு, அதனால் ரத்தத்தில் ஓடும் லிம்போசைட்டுகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. மூளை முழுவதற்கும் பத்து நாள் கொடுத்தால் ஓடுகிற ரத்தம் திரும்பத் திரும்பக் கதிரில் நனைகிறது.

இதுவரை சொன்னது நன்மையான பாதி. கதிர்வீச்சு எதிர்ப்பைத் தூண்டும்போதே அதை அடக்கும் வேலையையும் தொடங்கிவைக்கிறது. இன்டர்ஃபெரான் பட்ட புற்றுச் செல் தன்மேல் பி.டி.-எல்1 புரதத்தைக் கூட்டிக்கொண்டு டி-செல்லை முடக்கப் பார்க்கிறது. எதிர்ப்பை அடக்கி வைக்கும் ஒழுங்காற்று டி-செல்கள் மற்ற லிம்போசைட்டுகளைவிடக் கதிரைத் தாங்குபவை. அவை மிஞ்சி நிற்கின்றன. எதிர்ப்பை அடக்கும் டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற புரதமும் கூடுகிறது. ஒரே தடவையில் கொடுக்கும் அளவு மிக உயர்ந்தால் இன்னொன்றும் நடக்கலாம். 2017இல் வந்த எலி ஆய்வு ஒன்றில், ஏறத்தாழ 12 முதல் 18 கிரேக்கு மேல் போனபோது ட்ரெக்ஸ்1 என்ற நொதி கிளம்பி, சிதறிய டி.என்.ஏ. துணுக்குகளைத் தின்று தீர்த்து, மேலே சொன்ன எச்சரிக்கையையே அணைத்துவிட்டது. 8 கிரே வீதம் மூன்று முறை கொடுத்தபோது அப்படி ஆகவில்லை. மனித மூளையில் இதை வைத்து யாரும் அளவைத் தீர்மானிப்பதில்லை, தீர்மானிக்கவும் கூடாது. கட்டியின் பருமனும் சுற்றியுள்ள திசுவின் பாதுகாப்புமே அங்கே அளவை முடிவு செய்கின்றன. பெம்ப்ரோலிசுமாபின் வேலை, டி-செல்லின் பி.டி.-1 ஏற்பியை மறைத்து, முடக்கும் அந்தக் கையைத் தட்டிவிடுவது. கதிர்வீச்சும் இந்த மருந்தும் சேரும்போது கூடுதல் பலன் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு அடிப்படை இதுதான்.

அதே சேர்க்கைதான் வீக்கத்தையும் கூட்டுகிறது. கதிர்பட்ட நுண்ணிய ரத்தக் குழாய்களின் உள்ளுறை சிதைந்து, அங்கே ஆக்சிஜன் குறைய, வி.இ.ஜி.எஃப். என்ற புரதம் சுரந்து குழாய்கள் ஒழுகத் தொடங்குகின்றன. மூளையின் சொந்த நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியா விழித்துக்கொண்டு அழற்சியை வளர்க்கின்றன. டி-செல்கள் வந்து சேர்ந்ததும் எல்லாம் ஒரு படி ஏறும். உடம்பில் வேறெங்கும் புண் ஆறும்போது சுற்றிலும் சிவந்து வீங்கினால் நாம் பொறுத்துக்கொள்வோம். மண்டையோட்டுக்குள் வீங்க இடமில்லை, அதனால் கைத்தளர்ச்சியாகவும் தலைவலியாகவும் வெளிப்படுகிறது. இது சில மாதங்களில் தானே தணிந்தால் போலி வளர்ச்சி என்கிறோம். தணியாமல் திசுவே செத்துப்போனால் ரேடியேஷன் நெக்ரோசிஸ். முதலாவது பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் வரும். இரண்டாவது பொதுவாக ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள், இம்யூனோதெரபியோடு சேர்ந்தால் அதற்கும் முன்பே வரலாம். 2018இல் 480 நோயாளிகளின் பதிவுகளை வைத்து வெளியான ஒரு பகுப்பாய்வில், இம்யூனோதெரபியும் பெற்றவர்களுக்கு அறிகுறியோடு கூடிய நெக்ரோசிஸ் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. மெலனோமா என்ற தோல் புற்று உள்ளவர்களில் அந்தத் தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது.

மூன்றில் ஒன்று மட்டும் ஏன் வீங்கியது என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். பருமன் ஒரு முக்கியக் காரணம். 2000இல் வெளியான ஆர்.டி.ஓ.ஜி. 90-05 என்ற ரேடியோசர்ஜரி சோதனையின் அளவுகளே இன்றும் அடிப்படை: 20 மில்லிமீட்டர் வரை 24 கிரே, 21 முதல் 30 வரை 18 கிரே, 31 முதல் 40 வரை 15 கிரே. கட்டி பெரிதாக ஆக அளவைக் குறைக்க வேண்டியிருப்பது, சுற்றியுள்ள நல்ல திசுவில் சிந்தும் கதிரும் கூடுவதால்தான். அதை அளக்க ஓர் எண் உண்டு: கட்டியையும் சேர்த்து 12 கிரே அல்லது அதற்கு மேல் வாங்கிய திசுவின் கனஅளவு. ஒரே தடவை கொடுக்கும் சிகிச்சையில் இது 5 மில்லிலிட்டர் என்றால் அறிகுறியுள்ள நெக்ரோசிஸ் வரும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம். 10 மில்லிலிட்டர் என்றால் 15 சதவீதம். 15க்கு மேல் போனால் 20 சதவீதம். பெரிய கட்டிகளுக்கு 27 கிரேயை மூன்று நாளிலோ, 30 கிரேயை ஐந்து நாளிலோ பிரித்துக் கொடுப்பது இந்த ஆபத்தைக் குறைக்கத்தான். 22 மில்லிமீட்டர் கோளக் கட்டியின் கனஅளவே 5 மில்லிலிட்டரைத் தாண்டிவிடும். எனவே அம்மாவின் பெரிய கட்டி நெக்ரோசிஸ் வரக்கூடிய இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் பெரிய கட்டியில்தான் சாகாத புற்றுச் செல் மிஞ்சும் வாய்ப்பும் கூடுதல் என்பதை மறைக்க மாட்டேன். பருமன் இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது.

எப்படிப் பிரித்தறிவது? கதிர்வீச்சுத் துறையிலிருந்து சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கட்டிக்கும் எத்தனை கிரே, எத்தனை தடவை, 12 கிரே கனஅளவு எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள். பிறகு, புதிய எம்.ஆர்.ஐ.யைச் சிகிச்சைத் திட்டத்தில் எங்கே எவ்வளவு கதிர் விழுந்தது என்று காட்டும் டோஸ் கோடுகள்மேல் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கணினியில் செய்யக்கூடிய வேலை இது. பல நேரங்களில் கேட்டால்தான் செய்வார்கள். புதிதாக வெள்ளையாகத் தெரியும் பகுதி உயர்ந்த டோஸ் விழுந்த வளையத்துக்குள்ளேயே இருந்தால் கதிர்வீச்சின் விளைவு என்ற பக்கம் எடை கூடும். டோஸ் விழாத பக்கமாக ஒரு முடிச்சு துருத்திக்கொண்டு வளர்ந்தால் புற்று என்றே சந்தேகிக்க வேண்டும்.

அறிக்கையில் உள்ள மில்லிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். 22இலிருந்து 29 என்பது குறுக்களவில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல்தான். கோளமாக வைத்துக் கணக்கிட்டால் கனஅளவு சுமார் 5.6இலிருந்து 12.8 மில்லிலிட்டராக, இரண்டு மடங்குக்கும் மேல் போயிருக்கிறது. ஒழுங்கற்ற வடிவமாக இருந்தால் இரண்டு கணக்குமே தவறாகலாம். அதனால் சிகிச்சை நாள், இரண்டாம் மாதம், நான்காம் மாதம் ஆகிய மூன்று ஸ்கேன்களின் சிடியையும் ஒரே ரேடியாலஜிஸ்ட் அருகருகே வைத்து, கனஅளவை அளந்து எழுதுவது நல்லது. 1 மில்லிமீட்டர் அடுக்கு, அதே எம்.ஆர்.ஐ. படவரிசை, முடிந்தால் அதே இயந்திரம். 5 மில்லிமீட்டர் அடுக்கில் எடுத்த படத்தை 1 மில்லிமீட்டர் படத்தோடு ஒப்பிட்டு வளர்ந்துவிட்டது என்று எழுதும் அறிக்கைகளால் எத்தனையோ குடும்பங்கள் தேவையில்லாமல் கலங்குகின்றன.

அடுத்து, ரத்த ஓட்டத்தை அளக்கும் பெர்ஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. உயிருள்ள புற்று தனக்கென்று ரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்வதால் அங்கே ரத்தக் கனஅளவு உயர்ந்திருக்கும். நெக்ரோசிஸில் பொதுவாகத் தாழ்ந்திருக்கும். கட்டிக்குள் பழைய ரத்தக்கசிவு இருந்தாலோ, மண்டையோட்டின் அடிப்பகுதி எலும்புக்கு அருகே இருந்தாலோ இந்த அளவீடு ஏமாற்றும். கிடைக்குமானால் அமினோ அமில பெட் ஸ்கேன், அதாவது எஃப்.இ.டி., எஃப்-டோப்பா, மெத்தியோனின் போன்றவை, இன்னும் நன்றாக உதவும். குளுக்கோஸ் போன்ற பொருளை வைத்து எடுக்கும் சாதாரண எஃப்.டி.ஜி. பெட் இந்தக் கேள்விக்கு அவ்வளவு ஏற்றதல்ல. மூளையின் புறணியே குளுக்கோஸை ஏராளமாக எடுத்துக்கொள்வதால் கட்டி அதில் கரைந்துபோகும். திசுவின் வேதிப்பொருள்களை எம்.ஆர்.ஐ.யில் அளக்கும் ஸ்பெக்ட்ரோஸ்கோபி துணைச் சாட்சி, தனியாக அதை வைத்து முடிவெடுக்க முடியாது. எல்லாம் எடுத்த பிறகும் சந்தேகம் தீராவிட்டால் மிச்சமிருப்பது திசுவை எடுத்துப் பார்ப்பது. அதிலும் செத்த திசுவும் புற்றுச் செல்லும் கலந்தே வருவது உண்டு. ஊசி பயாப்சியில் செத்த பகுதி மட்டும் மாட்டலாம். எனவே அந்த அறிக்கையையும் படத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

‘பொறுங்கள்’ என்ற டாக்டரின் பேச்சுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. இம்யூனோதெரபி பெறுவோரின் மூளைக் கட்டிப் படங்களை மதிப்பிட 2015இல் வெளியான ஐ-ரானோ வழிகாட்டுதல்படி, இம்யூனோதெரபி தொடங்கிய ஆறு மாதத்துக்குள் படம் மட்டும் மோசமாகி, நோயாளி நரம்பியல்ரீதியாக நன்றாக இருந்தால், மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்து உறுதிசெய்யும்வரை மருந்து தோற்றது என்று முடிவுகட்டக் கூடாது. அம்மா அந்த ஆறு மாதத்துக்குள் இருக்கிறார். ஆனால் அவருக்குக் கைத்தளர்ச்சி வந்திருக்கிறதே! ஆகவே சும்மா மூன்று மாதம் காத்திருப்பது அவருக்குப் பொருந்தாது. வீக்கத்துக்கு இப்போதே சிகிச்சை, மேலே சொன்ன பரிசோதனைகள் இந்த ஓரிரு வாரத்துக்குள், மறு எம்.ஆர்.ஐ. ஆறு முதல் எட்டு வாரத்தில், கை மோசமானால் அதற்கும் முன்னால். இந்த ஒழுங்கைத்தான் நான் கேட்கச் சொல்வேன்.

மூளை முழுவதற்குமான கதிர்வீச்சு இந்த நிலையில் முதல் தேர்வாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. புதிய கட்டி எதுவும் இல்லை. மற்ற இரண்டும் அடங்கிவிட்டன. பெரியது நெக்ரோசிஸாக இருந்தால், ஏற்கெனவே கதிரால் காயம்பட்ட இடத்தில் இன்னும் 30 கிரே கொட்டுவது நோய்க்கு எந்தப் பலனும் தராது, காயத்தைத்தான் பெருக்கும். நினைவாற்றல் குறைவு அதற்கு நாம் கொடுக்கும் விலை. புற்றுதான் என்று உறுதியானாலும், ஒரே ஒரு கட்டிக்கு அறுவை முதலான வழிகள் முன்னால் இருக்கின்றன.

இனி ஸ்டீராய்டும் இம்யூனோதெரபியும். ஸ்டீராய்டு டி-செல்களை அடக்குகிறது, உண்மை. நுரையீரல் புற்றுநோயில் 640 பேரை வைத்து 2018இல் வந்த ஆய்வில், மருந்து தொடங்கும்போதே தினம் 10 மி.கி. பிரெட்னிசோன் அல்லது அதற்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பலன் குறைவாக இருந்தது. அடுத்த ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வு அதைப் பிரித்துப் பார்த்தது: புற்றின் தொல்லையைத் தணிக்க ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குத்தான் பலன் மோசம், வேறு காரணங்களுக்காக எடுத்தவர்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. அதாவது, ஸ்டீராய்டு தேவைப்படும் அளவுக்கு நோய் கடுமையாக இருந்ததும் கணக்கில் சேர்ந்துவிட்டது. அம்மாவோ மருந்து தொடங்கிப் பல மாதம் கழித்தே ஸ்டீராய்டுக்கு வந்திருக்கிறார். இதனால் கெடுதலே இல்லை என்று சொல்லவில்லை. தேவையான அளவு, தேவையான நாள் மட்டும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை.

அந்த அளவு எது? 10 மி.கி. பிரெட்னிசோன் ஏறத்தாழ 1.5 மி.கி. டெக்ஸாமெதசோனுக்குச் சமம். அம்மா எடுக்கும் 8 மி.கி., 50 மி.கி.க்கு மேல் பிரெட்னிசோன் எடுப்பது போல. மிதமான அறிகுறிக்குத் தினம் 4 முதல் 8 மி.கி. போதும், 16 மி.கி. என்பது கடுமையான அழுத்தம் உள்ளவர்களுக்கு. கை தேறி சில நாள் நிலையாக இருந்தால், நான்கு முதல் ஏழு நாளுக்கு ஒரு படியாக 8, 6, 4, 3, 2, 1 என்று இறக்குவது வழக்கமான போக்கு. எந்தப் படியில் கை மறுபடி தளர்கிறதோ, அன்றே டாக்டரிடம் சொல்லி முந்தைய படிக்கு ஏறி, அங்கே சில நாள் நின்று பிறகு இறங்க வேண்டும். இதைத் துறை டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டவணைப்படிதான் செய்ய வேண்டும். நடைமுறையில் அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்றுண்டு: மருத்துவமனையில் தொடங்கிய 8 மி.கி. சீட்டு, இறக்கும் தேதி எழுதப்படாமல், மாதக்கணக்கில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். சீட்டைப் பாருங்கள். இறங்கும் தேதிகள் இல்லையென்றால் நாளைக்கே கேளுங்கள்.

மாத்திரை காலையிலும் மதியத்திலுமாக, சாப்பிட்ட பின் இருக்கட்டும். மாலைக்கு மேல் போட்டால் தூக்கம் கெடும். சர்க்கரை அளவை வீட்டிலேயே பாருங்கள். காலை அளவு சரியாக இருந்தாலும் மதியத்துக்குப் பிறகு ஏறியிருக்கும். நாக்கில் வெண்படலம் வந்தால் பூஞ்சை, சொல்லுங்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால் அது மூளையின் குறையாக இல்லாமல் ஸ்டீராய்டு தொடைத் தசையைத் தின்றதாக இருக்கலாம். இரண்டையும் குழப்பி அளவைக் கூட்டிவிடக் கூடாது. டெக்ஸாமெதசோன் 3 மி.கி.க்கு மேல் நான்கு வாரத்தைத் தாண்டும் என்று தெரிந்தால், நியுமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் தொற்றைத் தடுக்கக் கோ-ட்ரைமாக்சசோல் வேண்டுமா என்று கேளுங்கள். அம்மா அந்த எல்லைக்கு அருகே வந்துவிட்டார்.

ஸ்டீராய்டை இறக்க முடியாமல் போனால் பெவாசிசுமாப் என்ற மருந்து இருக்கிறது. மேலே சொன்ன வி.இ.ஜி.எஃப்.ஐப் பிடித்து வைத்து, குழாய்க் கசிவை அடைக்கிறது. 2011இல் 14 பேரை மட்டும் வைத்து நடந்த சிறிய சோதனையில், மருந்து பெற்ற எல்லோருக்கும் முன்னேற்றம் தெரிந்தது, மருந்தற்ற ஊசி பெற்ற எவருக்கும் தெரியவில்லை. அதில் கொடுத்தது எடைக்குக் கிலோவுக்கு 7.5 மி.கி., மூன்று வாரத்துக்கு ஒருமுறை. இது டி-செல்களை ஸ்டீராய்டு போல அடக்குவதில்லை. இம்யூனோதெரபியில் இருப்பவர்களுக்கு இதன் தனிச்சிறப்பு இதுதான். ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். கட்டியில் புதிய ரத்தக்கசிவு, சளியில் ரத்தம், அண்மையில் ரத்தக்கட்டு இருந்தால் சொல்லிவிட வேண்டும். அறுவை நடக்கக்கூடும் என்றால் சுமார் நான்கு வாரம் முன்பே இது நின்றிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் காயம் ஆறாது. ஆகவே பயாப்சியா பெவாசிசுமாபா என்ற வரிசையை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். இன்னொன்று, இந்த மருந்து கொடுத்ததும் படத்தில் வெள்ளை சுருங்கும். கசிவு அடைபட்டதால் அப்படித் தெரிவதே தவிர, புற்று போய்விட்டது என்பதற்கு அது சான்றாகாது.

இவற்றுக்கும் அடங்காமல் கட்டி அழுத்திக்கொண்டே இருந்தால், இடம் ஏற்றதாக இருந்தால், அறுவை செய்து எடுப்பது மூன்று காரியத்தை ஒன்றாக முடிக்கும்: அழுத்தம் இறங்கும், திசு கிடைக்கும், ஸ்டீராய்டிலிருந்து விடுதலை கிடைக்கும். கையை இயக்கும் பகுதிக்கு மிக நெருக்கமாக இருந்தால், சிறு துளை வழியே லேசர் இழையைச் செலுத்திச் சுடும் முறையைச் சில மையங்கள் செய்கின்றன. சுட்ட பிறகு சில வாரம் வீக்கம் கூடும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

பெம்ப்ரோலிசுமாபைத் தொடரலாமா என்பது நுரையீரல் நோயின் நிலையைப் பொறுத்தது. அங்கே பலன் கிடைத்துக்கொண்டிருந்தால், மூளையிலுள்ள ஒரு கட்டியின் சந்தேகத்துக்காக மருந்தையே கைவிடுவது அவசரம். ஸ்டீராய்டு உயர்ந்திருக்கும் சில வாரம் ஓர் ஊசியைத் தள்ளிவைக்கலாம் என்று டாக்டர் சொன்னால் பயப்பட வேண்டாம். இந்த மருந்தின் அரை ஆயுள், அதாவது உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ மூன்று வாரம். உடம்பில் அது நீண்ட நாள் தங்கும். மரபணுப் பரிசோதனை அறிக்கையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இ.ஜி.எஃப்.ஆர். அல்லது ஏ.எல்.கே. மரபணுவில் மாற்றம் இருந்தால் மூளைக்குள்ளும் நன்றாக வேலை செய்யும் மாத்திரைகள் இருக்கின்றன, கணக்கே வேறு. அவற்றுள் ஒசிமெர்டினிபை இம்யூனோதெரபி முடிந்த கையோடு தொடங்கினால் நுரையீரல் அழற்சி வரக்கூடும் என்பதால் அவசரமாக மாற்றவும் கூடாது.

ஓரிடத்தில் கதிர் பட்டு வேறிடத்துக் கட்டிகள் கரைவது கற்பனையல்ல. 1953இல் மோல் என்பவர் அதற்கு அப்ஸ்கோபல் விளைவு என்று பெயரிட்டார். 2012இல் இபிலிமுமாப் என்ற இன்னொரு இம்யூனோதெரபி மருந்தை எடுத்துக்கொண்டிருந்த ஒரு மெலனோமா நோயாளிக்கு அப்படி நடந்தது விரிவாகப் பதிவானது. இன்றும் அது அரிதாக நடப்பதுதான், முன்கூட்டித் தூண்டிவிடும் வழி யாரிடமும் இல்லை. ரேடியோசர்ஜரி அம்மாவுக்குக் கொடுக்கப்பட்டது, கதிர்பட்ட அந்த மூன்று கட்டிகளை அடக்க. மார்பிலுள்ள நோய் சுருங்கினால் அதற்குக் காரணம் பெரும்பாலும் மருந்தாகத்தான் இருக்கும். எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று விற்கும் பொடிகளும் கஷாயங்களும் இந்த வேலையைச் செய்யாது. அவை ஈரலைக் கெடுத்தால், பெம்ப்ரோலிசுமாபால் வந்த ஈரல் அழற்சியா என்று தெரியாமல் நல்ல மருந்து நிறுத்தப்படும்.

இம்யூனோதெரபியில் இருப்பவருக்குத் தலைவலி வந்தால் கட்டியை மட்டும் நினைக்கக் கூடாது. பிட்யூட்டரி சுரப்பியில் அழற்சி வரலாம்: தலைவலி, மிகுந்த சோர்வு, சோடியம் குறைவு. டெக்ஸாமெதசோன் எடுக்கும்போது கார்டிசால் அளவு எப்படியும் தாழ்ந்தே வரும் என்பதால் அந்தப் பரிசோதனையை அப்போது நம்ப முடியாது. ஸ்டீராய்டு முழுக்க இறங்கும் கட்டத்தில் காலை கார்டிசாலைப் பார்க்கச் சொல்லுங்கள். வலிப்பு, நிற்காத வாந்தியோடு தலைவலி, எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம், பேச்சுக் குழறல், சில மணி நேரத்தில் கை அல்லது கால் முழுக்கச் செயலிழப்பது, குழப்பத்தோடு காய்ச்சல், புதிதாக மூச்சுத் திணறல் — இவற்றில் எது வந்தாலும் இரவென்றும் பாராமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். கையில் ஸ்டீராய்டு அட்டவணை, கடைசி ஊசி போட்ட தேதி, ரேடியோசர்ஜரி சுருக்கம் மூன்றும் இருக்கட்டும். அங்கே பணியிலிருப்பவர் அம்மாவை முதல்முறை பார்ப்பவராக இருப்பார். இம்யூனோதெரபி எடுக்கிறார் என்பதை நீங்களே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.